தெளிவு என்றால் ஒன்று

அத்தியாயம் 6

காவலாளி அனுமதிச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெயிலுக்கு நேரே பிடித்தும் பார்த்தார். பிறகு, அடுத்தவர் அவஸ்தையில் கொஞ்சம் குளிர்காய்கிறவர்களுக்கே உரிய நிதானத்தோடு, சீட்டில் நேற்றைய தேதி போட்டிருக்கிறது, இன்றைக்கு இது செல்லாது என்றார்.

"சுத்தம்," என்று ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான் ரேடியோ.

பக்கத்து இருக்கையில் வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. நாலு மணிக்கு இந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் விசாரணைக் கமிட்டி கூடும். நாலு பத்துக்குள் ஒரு மனுஷனின் இருபத்திரண்டு வருஷ வேலை போய்விடும். வேலை போவதோடு விட்டாலும் பரவாயில்லை, 'பொய்யன்' என்ற பட்டத்தையும் கையில் கொடுத்து அனுப்பப் போகிறார்கள். அதைத் தடுக்க அவளிடம் இருந்தது நாலே முக்கால் மணி நேரம். அதில் அரை மணியை இந்தத் தேதி தின்றது. உள்ளே போன் போட்டு, இன்னொரு சீட்டு எழுதி, அதற்கொரு முத்திரை தேடி அவர்கள் கேட்டைத் திறந்தபோது மணி பதினொன்று ஐம்பது.

வக்கீலம்மா கோர்ட்டை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் விடவில்லை. இப்போது பிழைப்பு துப்பறிவது. ரேடியோ அவள் கணவனின் தம்பி. கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, ஆட்களைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவன் வேலை. பேசுவது அவனாக எடுத்துக்கொண்ட உபரி வேலை. ஒருமுறை ஆன் செய்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்பான் என்று வீட்டில் வைத்த பெயர் அது.

மூன்று நாள் முன்னால் வந்து இந்த வழக்கைக் கொடுத்தவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். இந்த வானாராய்ச்சிக் கூடத்தில் வானத்துக்கு லேசர் அடிக்கும் வேலையில் இருந்தவரின் மனைவி. அழவில்லை, கெஞ்சவில்லை. பரீட்சைத்தாள் திருத்துகிற குரலில் ஒன்றைத்தான் சொன்னாள்.

"சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துட்டுத்தான் அவர் டீயே குடிப்பார். சஸ்பெண்ட் பண்ணி பதினாறு நாளாச்சு. ஒருநாள் கூட ஜன்னலைத் திறக்கலை. வேலை திரும்பக் கிடைக்கணும்னு கூட நான் கேட்கலைங்க. அந்த ஜன்னல் திறக்கணும்."

வக்கீலம்மாவுக்கு அதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

மரமில்லாத அந்த மேட்டுநிலத்தில் நாலு தொலைநோக்கிகள் நின்றன. ஒவ்வொன்றும் நாலு மாடி உயரம். அறுகோணக் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திச் செய்த பெரிய பெரிய கிண்ணங்கள், பகல் நேரமாதலால் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தன.

"பகல்ல தூங்க விடுறாங்க பாருங்க, இதுதான் வேலை," என்றான் ரேடியோ. "பிறந்தா இங்கே கண்ணாடியாப் பிறக்கணும் அண்ணி."

டைரக்டர் தன் அறையில் அவர்களை உட்காரச் சொன்னார். சொன்ன விதத்தில், சீக்கிரம் எழுந்து போங்கள் என்பதும் சேர்ந்தே இருந்தது. நடந்ததை அவர் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். சொன்னதன் சாரம் இது.

தொலைதூரத்து நட்சத்திரக் கூட்டங்களிலிருந்து வரும் காமா கதிர் தரைவரைக்கும் வந்து சேராது. மேலே காற்றில் மோதிச் சிதறிவிடும். சிதறும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கு ஒரு நீல மின்னல் அடிக்கும். அந்த மின்னலைத்தான் இந்தக் கிண்ணங்கள் பிடிக்கின்றன. மின்னல் பலமாக இருந்தால் கதிரும் பலமானது. சிக்கல் நடுவில் இருக்கும் காற்றில். தூசி ஏறிய இரவில் வெளிச்சத்தில் பாதியைக் காற்றே தின்றுவிடும். அழுக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எரிகிற பல்பு நூறு வாட்டா அறுபது வாட்டா என்று சொல்ல வேண்டுமானால், ஜன்னலில் எவ்வளவு அழுக்கு என்று முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் லேசர். நேர் மேலே அடித்து, எந்த உயரத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று பார்த்தால் தூசியின் அளவு தெரிந்துவிடும். காற்று தின்றதைக் கணினியில் திருப்பிச் சேர்த்துவிடுவார்கள்.

லேசரின் விளக்கு போய்விட்டால் என்ன செய்வது? பழைய முறைதான். லேசர்க்காரர் கேபினை விட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்து, நோட்டில் ஒரு கட்டத்தில் எழுதி வைப்பார். காலையில் கணினிப் பிரிவில் அதை எண்ணாக மாற்றுவார்கள். தெளிவு என்றால் ஒன்று, அந்த இரவின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அரைகுறை என்றால் இரண்டு, திருத்த வேண்டும். மோசம் என்றால் மூன்று, அந்த இரவையே ஒதுக்கிவிட வேண்டும்.

லேசரின் விளக்கு போய் ஆறு மாசம் ஆகிறது, இரண்டு மாசம் முன்னால் அடுத்தடுத்து மூன்று இரவும் நோட்டை நம்பித்தான் ஓடின. மூன்று இரவுக்கும் 'ஒன்று' என்று பதிவானது. அந்த மூன்று இரவிலும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொலைதூர நட்சத்திரக் கூட்டம் பாதிக்குப் பாதி மங்கியிருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று டைரக்டர் உலகத்துக்கெல்லாம் அறிவித்தார். ஒரு வாரத்தில் வேறொரு கண்டத்து ஆய்வகம், அதே மூன்று இரவில் அது வழக்கம்போலப் பளிச்சென்று இருந்ததாகப் படத்தோடு பதில் போட்டது. டைரக்டருக்கு மானம் போயிற்று. அதன் பிறகு துருவிப் பார்த்தார்கள். வானத்திலிருந்து சாதாரணத் துகள்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்துகொண்டே இருக்கும், தொலைநோக்கி அவற்றையும் எண்ணும். அந்த மூன்று இரவும் அந்த எண்ணிக்கை நாற்பது சதவீதம் குறைந்திருந்தது. ஆக, வானம் முழுக்கத் தூசி.

"இதை அறிவிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கலாமே," என்றாள் வக்கீலம்மா.

"ஒண்ணுன்னு போட்டிருந்தா பார்க்கிறதில்லை. அதுதான் நடைமுறை."

நடைமுறை என்ற சொல்லை அவர் உச்சரித்த விதம், ஆளுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது என்பதுபோல இருந்தது. குற்றச்சாட்டு அவருக்கு மிக எளிது. வானம் மோசம், பதிவில் தெளிவு. லேசர்க்காரர் வெளியே வந்து பார்க்கவே இல்லை, கேபினுக்குள் தூங்கிவிட்டு இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார். லேசர்க்காரரோ, மோசம் என்றுதான் எழுதினேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார். டைப் செய்த தாளைக் காட்டினார்கள். ஒன்று, ஒன்று, ஒன்று. இது என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்தான், அப்புறம் வாயே திறக்கவில்லை.

"அவர் கைப்பட எழுதின நோட்டு எங்கே?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

டைப் ஆன பிறகு நோட்டு எதற்கு என்று டைரக்டர் திருப்பிக் கேட்டார். அது எங்கேயாவது கிடக்கும் என்றார். ஒரு மனுஷனின் தலையெழுத்து எங்கேயாவது கிடக்கிறதாம். வந்த கோபத்தில் வக்கீலம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டாள். நோட்டில் 'மோசம்' என்று இருந்து டைப்பில் 'ஒன்று' என்று மாறியிருந்தால் லேசர்க்காரர் தப்பிப்பார். இந்த வழக்கில் அந்த நோட்டைத் தவிர வேறு பிடி எதுவும் இல்லை.

எண்ணாக மாற்றும் வேலையைச் செய்தது கணினிப் பிரிவுப் பெண் ஒருத்தி. டைரக்டரே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வேறு பாஷை பேசும் ஊரில் வளர்ந்தவள், தமிழைப் பெரியவளான பிறகு புத்தகம் வைத்துப் படித்தவள். மேஜையில் தடித்த அகராதி ஒன்று, ஓரம் கசங்கி இருந்தது.

"வணக்கம். தங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்றாள்.

ரேடியோ பின்னால் திரும்பிப் பார்த்தான், தனக்குப் பின்னால் அரசர் யாராவது நிற்கிறாரோ என்று.

"லேசர் கேபின் நோட்டு எங்கே போச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"எங்கும் போகவில்லை."

"தொலைஞ்சுடுச்சா?"

"தொலையவில்லை."

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"யாரும் எடுத்துச் செல்லவில்லை," என்று சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோர்ட்டில் இப்படிப்பட்ட சாட்சிகளை வக்கீலம்மா நிறையப் பார்த்திருக்கிறாள். எதைக் கேட்டாலும் இல்லை, இல்லை, இல்லை. மறைக்கிற ஆள் அளவாகத்தான் பேசுவான். இந்தப் பெண் யாரையோ காப்பாற்றுகிறாள், அல்லது தன்னையே காப்பாற்றிக்கொள்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. மேலே இடித்தால் வாய் இன்னும் இறுகும். வெளியே வந்தாள்.

அடுத்த இரண்டரை மணி நேரத்தை எழுதவே எரிச்சலாக இருக்கிறது, அனுபவித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும். ஆவண அறை பூட்டிக் கிடந்தது. சாவி குமாஸ்தாவிடம், குமாஸ்தா லீவில், மாற்றுச்சாவி அந்த அறைக்குள்ளேயே.

"சுத்தம்," என்றான் ரேடியோ. "பாதுகாப்புன்னா இதுதான் அண்ணி. திருடனும் நுழைய முடியாது, சாவியும் வெளியே வர முடியாது."

பூட்டைக் கழற்ற ஆள் பிடித்து, கழற்றுவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கி உள்ளே போனால், அலமாரி நிறையப் பழைய நோட்டுகள். எல்லாம் போன வருஷத்தோடு முடிந்திருந்தன. தூசியில் ரேடியோ பதினாலு தும்மல் போட்டான், எண்ணிக்கொண்டே போட்டான். அங்கிருந்து லேசர் கேபினுக்கு முக்கால் கிலோமீட்டர் வெயிலில் நடந்தார்கள். தகரக் கொட்டகை, இழுத்தால் திறக்கும் கூரை, நடுவில் துணி போர்த்திய லேசர். சுவரில் நாலு வருஷப் பழைய காலண்டர். மேஜையில் ஒரு நோட்டு இருந்தது. வக்கீலம்மா பாய்ந்து எடுத்தாள். பிரித்தால் பத்தொன்பது நாளாக வேறொரு ஆள் எழுதிய புது நோட்டு.

மூலையில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே பிரிக்காத விளக்கு ஒன்று. ரேடியோ அதை லேசரின் பொருத்துவாய் பக்கம் வைத்துப் பார்த்தான். விளக்கு கட்டை விரல் கனம், வாய் சுண்டு விரல் அகலம்.

"செருப்புக் கேட்டவனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்திருக்காங்க," என்றான்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். மணி மூன்று ஐந்து. இந்தப் படியில்தான் அந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்திருப்பார். டீச்சரின் குரல் காதிலேயே இருந்தது. ஒரு நோட்டைக் கூடக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத துப்பறிவாளி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இந்த வழக்கை எடுத்திருக்கவே கூடாது என்றும் தோன்றியது.

"அந்தப் பொண்ணு எதையோ மறைக்கிறா," என்றாள். "எங்கும் போகவில்லையாம்."

ரேடியோ ஷூவிலிருந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். அப்படியே நிறுத்தினான்.

"அண்ணி, காலையில நான் என் பொண்டாட்டிகிட்ட கார் சாவி எங்கே போச்சுன்னு கேட்பேன். அவ என்ன சொல்லுவா தெரியுமா? அது எங்கேயும் போகலை, மாட்டின இடத்துலதான் இருக்குன்னு சொல்லுவா."

வக்கீலம்மா அவனைப் பார்த்தாள்.

"எங்கும் போகலை, தொலையலை, யாரும் எடுக்கலை. அந்தப் பொண்ணு பொய்யே சொல்லலை அண்ணி. நாமதான் சரியான கேள்வியைக் கேட்கலை."

முக்கால் கிலோமீட்டரை இந்தத் தடவை எட்டே நிமிஷத்தில் நடந்தார்கள். கணினி அறைக் கதவைத் திறந்தபோது வக்கீலம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"லேசர் நோட்டு உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கிறது," என்று சொல்லி, மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள் அந்தப் பெண். நீல அட்டை, துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தது.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, தாங்கள் அதைக் கேட்கவில்லை என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி இயக்குநர் கூறியிருந்தார் என்றும் சேர்த்துக்கொண்டாள். இரண்டு மாதமாக வேறு யாருமே கேட்கவில்லையாம். ரேடியோவுக்குப் பேச்சு வராமல் போனதை வக்கீலம்மா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணே பக்கங்களைப் புரட்டி, அந்த மூன்று இரவுகளைக் காட்டினாள். 'வானம்' என்று தலைப்பிட்ட சின்னக் கட்டத்தில் லேசர்க்காரரின் சாய்ந்த கையெழுத்து. மூன்று கட்டத்திலும் ஒரே வார்த்தை. மோசம் என்று இல்லை. தூசி என்று இல்லை, மூட்டம் என்றும் இல்லை.

"தெளிவு என்பதே இதன் பொருள். அகராதியிலும் பார்த்தேன். எனவே ஒன்று இட்டேன்," என்றாள் அந்தப் பெண்.

வக்கீலம்மா மூன்று கட்டத்தையும் மறுபடி பார்த்தாள். டைப்பில் யாரும் எதையும் மாற்றவில்லை. அந்த ஆளே கைப்பட எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, இல்லை என்று பெண்டாட்டியிடம் சாதித்திருக்கிறார். அதை நம்பி இந்த வெயிலில் நாய் படாத பாடு பட்டாயிற்று. நோட்டுக்கு ஒரு ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நடைக்கு வந்தாள். மணி மூன்று முப்பத்தெட்டு. டீச்சருக்குப் போன் செய்ய வேண்டும். என்னவென்று சொல்வது?

ரேடியோ பின்னாலேயே வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அவள் தோளைத் தாண்டி அவனுக்குக் கட்டம் தெரிந்திருக்கவில்லை.

"தெளிவுன்னுதான் எழுதியிருக்கார். மூணு நாளும். விடு, கிளம்பலாம்."

"கொடுங்க பார்ப்போம்," என்று அவள் கக்கத்திலிருந்து நோட்டை உருவினான். பக்கத்தைத் தேடிப் பிடித்தான். வாய்விட்டுப் படித்தான். "சுத்தம்."

படித்துவிட்டு விக்கி விக்கிச் சிரித்தான். வக்கீலம்மாவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

"அண்ணி, இதுல தெளிவுன்னு எங்கே எழுதியிருக்கு? சுத்தம்னு எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கேட்டுல நேத்துத் தேதின்னு சொன்னப்போ நான் என்ன சொன்னேன்? ஆவண அறைச் சாவி உள்ளேயே இருக்குன்னதும் என்ன சொன்னேன்? அங்கெல்லாம் நான் என்ன, பாராட்டுப் பத்திரமா வாசிச்சேன்?"

வக்கீலம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். அதே வார்த்தைதான். ஆனால் இப்போது அது வேறு குரலில் கேட்டது. லேசர் செத்துப்போய், விளக்கு வராமல், வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் வானமும் புழுதியாக இருக்கிற ஒரு மனுஷனின் குரலில். காலையிலிருந்து அந்த வார்த்தை காதுக்குப் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. கோர்ட்டில், சாட்சி சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள், உங்கள் வார்த்தையில் சொல்லாதீர்கள் என்று எத்தனை பேரை மடக்கியிருப்பாள். இன்றைக்கு அவளே அந்தத் தப்பைச் செய்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை, இருபது நிமிஷம்தான் இருந்தது.

அது கோபத்தில் எழுதியது என்று ரேடியோ சொன்னால் போதாது, நோட்டு சொல்ல வேண்டும். நடையிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நல்ல இரவுகளுக்கு அவர் என்ன எழுதுகிறார்? தெளிவு. தெளிவு. தெளிவு. நூற்றுச் சொச்சம் இரவு, ஒரு இடத்தில் கூட வேறு வார்த்தை இல்லை. அப்படியானால் இந்த வார்த்தை வேறு எங்கெல்லாம் வருகிறது? ரேடியோவின் சட்டைப்பையிலிருந்த பழைய சீட்டைக் கிழித்து, கிடைத்த இடங்களிலெல்லாம் அடையாளம் வைத்தாள். செல்லாத சீட்டு ஒருவழியாகச் செல்லுபடியானது.

கமிட்டி அறையில் டைரக்டரும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூடிய ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியில் லேசர்க்காரர். இஸ்திரி போட்ட சட்டை, முழங்காலின் மேல் இரண்டு கை, பார்வை தரையில். நோட்டுக்குச் சாட்சியாக அந்தக் கணினிப் பெண்ணும் வந்து கதவோரம் நின்றாள்.

வக்கீலம்மா நோட்டை டைரக்டர் முன்னால் வைத்து, அந்த மூன்று இரவையும் திறந்து காட்டினாள். டைரக்டரின் முகம் மலர்ந்தது.

"சுத்தம்னு அவரே எழுதியிருக்கார். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

லேசர்க்காரர் தலையை நிமிர்த்தினார். இத்தனை நாளும் அவருக்கு எண்களைத்தான் காட்டினார்களே தவிர, எழுத்தை யாரும் காட்டவில்லை. அவர் உதடு அசைந்தது. வக்கீலம்மா கையைக் காட்டி அவரைப் பொறுத்திருக்கச் சொன்னாள்.

"இன்னும் நாலு இடத்துல சீட்டு வெச்சிருக்கேன் சார். சத்தமா வாசிங்க."

டைரக்டர் முதல் சீட்டைப் பிரித்தார். "கூரை ஒழுகுது. மேஜையெல்லாம் தண்ணி. சுத்தம்."

வாசிக்க ஆரம்பித்தபோது அறிக்கை வாசிக்கிற குரல்தான். கடைசி வார்த்தைக்கு வந்ததும் குரல் தானாக இழுத்துக்கொண்டது. அந்த வார்த்தையை அந்த இடத்தில் வேறு விதமாகச் சொல்ல எந்த வாயாலும் முடியாது. அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தார். வக்கீலம்மா அடுத்த சீட்டைக் காட்டினாள்.

"விளக்கு வந்தது. வேற மிஷினோட விளக்கு. சுத்தம்."

வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"விளக்கு மாற்றித் தரச் சொல்லி டைரக்டருக்குப் பதினொன்றாவது கடிதம். பதில் இல்லை." டைரக்டர் நிறுத்தினார். அடுத்த வார்த்தையை அவர் வாசிக்கவில்லை. நாலாவது சீட்டை அவர் பிரிக்கவும் இல்லை.

நல்ல இரவுக்கெல்லாம் இவர் தெளிவு என்றுதான் எழுதியிருக்கிறார், ஒரு இரவு தவறாமல், என்று வக்கீலம்மா மற்ற இருவருக்கும் பக்கம் பக்கமாகக் காட்டினாள். இவர் வெளியே போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்ததை எழுதியும் இருக்கிறார். பதினொரு கடிதத்துக்குப் பதில் கிடைக்காத மனுஷன் எப்படி எழுதுவானோ அப்படி எழுதியிருக்கிறார்.

கதவோரத்திலிருந்து அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டா?"

"ஒரு காரியம் உருப்படாமப் போச்சுன்னா அப்படிச் சொல்றதுங்க," என்றான் ரேடியோ. "கொஞ்சம் இழுத்துச் சொல்லணும். அந்த இழுப்பு தாள்ல ஏறாது."

அவள் முகம் வெளிறிவிட்டது. "அப்படியெனில் மூன்று," என்றாள். "மூன்று இட்டிருக்க வேண்டும். பிழை என்னுடையது."

"இல்லம்மா," என்றார் லேசர்க்காரர். பத்தொன்பது நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "தப்பு என்னோடதுதான். மோசம்னு எழுதினதாத்தான் எனக்கு ஞாபகம். எரிச்சல்ல இதைக் கிறுக்கியிருக்கேன். அந்த நோட்டை யாரும் படிக்கிறாங்கன்னே நான் நினைக்கலை."

"நான் படித்தேன்," என்றாள் அவள். "தினமும் காலையில். கூரை ஒழுகியதையும் படித்தேன்."

லேசர்க்காரர் அவளைப் பார்த்தார். ஒரே நோட்டில் ஒருவர் ராத்திரி எழுதுவதும் ஒருத்தி காலையில் படிப்பதுமாக மூன்று வருஷம் போயிருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

மற்றதெல்லாம் காகித வேலை. வெளியிலிருந்து வந்த இருவரும் தீர்மானத் தாளில் 'பொய்ப் பதிவு' என்ற வரியை அடித்தார்கள். அடித்த இடத்தில் டைரக்டரும் கையெழுத்துப் போட்டார், பேனா சரியாக எழுதவில்லை என்று இரண்டு தடவை உதறிவிட்டு. மங்காத நட்சத்திரக் கூட்டத்தை மங்கியது என்று சொன்ன அறிவிப்பைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் எப்படி எழுதப்போகிறாரோ, அது அவர் பாடு. விளக்குக்கு உடனே ஆர்டர் போடுவதாகச் சொன்னார். நம்பவா வேண்டாமா என்று வக்கீலம்மாவுக்குத் தெரியவில்லை. வந்த வேலை முடிந்தும் எரிச்சல் முழுக்க அடங்கவில்லை. நோட்டைக் கொடுங்கள் என்று இரண்டு மாசத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காதே என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் மேஜைக்கு வந்து நோட்டை எடுத்துக்கொண்டாள். கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்தாள். இன்றைய தேதியைப் போட்டாள். பேனாவோடு லேசர்க்காரர் பக்கம் திரும்பினாள்.

"இன்றைய வானம்?"

அவர் எழுந்தார். ஜன்னல் கொக்கி இறுகியிருந்தது, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். திறந்ததும் வெளிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு உள்ளே வந்து, தீர்மானத் தாளை மேஜையிலிருந்து கிளப்பியது. ரேடியோ பாய்ந்து பிடித்தான். அடிவானம் முழுக்கக் காவி நிறம். லேசர்க்காரர் தலையை வெளியே நீட்டி, பத்தொன்பது நாள் பாக்கியையும் சேர்த்துப் பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

வக்கீலம்மா டீச்சருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஹலோ என்றதும் ஒன்றும் பேசாமல் போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"சுத்தம்," என்றார் லேசர்க்காரர்.

பேனா கட்டத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"ஒன்றா, மூன்றா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது.

"மூணும்மா," என்றார். "மூணு."